பிக்கப் வண்டியின் பின்பாடியில் சரக்குக் கட்டும் வளையங்களைக் குறைந்த செலவில் பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான பிக்கப் வண்டிகள் கம்பெனியிலிருந்து வரும்போதே பின்பாடியில் நான்கு கொக்கியோ வளையமோ இருக்கும். ஆனால் நமக்கு வேண்டிய இடத்தில் அவை இருப்பதில்லை. பைக் ஏற்றினால் முன்சக்கரத்தின் இருபுறமும் பெல்ட்டை இழுத்துக் கட்டச் சரியான கோணம் கிடைக்காது. சின்ன ஜெனரேட்டரை நடுவில் வைத்தால் பெல்ட் மூலைவரை நீள வேண்டியிருக்கும், கோணம் மிகவும் சாய்ந்துவிடும். பலகைகளை அடுக்கினால் வளையமே சரக்குக்கு அடியில் போய்விடும். அப்போது பலரும் பின்கதவைத் தாங்கும் கம்பியிலோ அதன் தாழ்ப்பாளிலோ கயிற்றைச் சுற்றிச் சமாளிக்கிறார்கள். அந்தக் கம்பி கதவின் எடையைத் தாங்கச் செய்யப்பட்டது. சடன் பிரேக் போடும்போது நகரும் சரக்கை அது பிடித்து நிறுத்தாது.

கூடுதல் வளையங்களை வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம். வெல்டிங் வேண்டாம், பெரிய கருவிகளும் வேண்டாம். வாங்கப் போகும் எல்லோருடைய கண்ணும் வளையம் எவ்வளவு தடிமன் என்பதில்தான் நிற்கும். நான் முதலில் கேட்பது வேறு: தகட்டுக்கு அடியில் என்ன வைக்கப் போகிறீர்கள்? 8.8 தரத்தில் (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) உள்ள ஒரு எம்10, அதாவது 10 மி.மீ. விட்டமுள்ள போல்ட் அறுந்துபோக நாலரை டன்னுக்கு மேல் இழுவை வேண்டும். அது உட்காரும் பாடித் தகடோ பெரும்பாலும் 1 மி.மீ. அளவில்தான் இருக்கும். போல்ட் அறுவதற்கு வெகு முன்பே தகடு குழிந்து, கிழிந்து, போல்ட் தன் வாஷரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆகவே வளையத்தில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, தகட்டுக்கு அடியில் வைக்கும் இரும்புப் பட்டையில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நல்லவேளையாக, இந்த முழு வேலையிலும் மலிவான பொருள் அந்தப் பட்டைதான்.

எவ்வளவு இழுவையைத் தாங்க வேண்டும்?

வண்டி ஓடும்போது சரக்கு எந்தப் பக்கம் எவ்வளவு விசையோடு போகப் பார்க்கும் என்பதற்கு நடைமுறையில் உள்ள கணக்கு ஒன்று உண்டு. ஐரோப்பாவின் இ.என். 12195-1 தரநிலை, சாலையில் போகும் சரக்கை முன்பக்கம் அதன் எடையில் 0.8 மடங்கு விசைக்கும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 மடங்கு விசைக்கும் ஈடுகொடுத்துக் கட்டச் சொல்கிறது. அமெரிக்க வணிக வாகன விதிகளிலும் இதே எண்கள்தான். 200 கிலோ சரக்கு என்றால் பிரேக் அடிக்கும்போது முன்னால் 160 கிலோ விசையும், வளைவில் பக்கத்துக்கு 100 கிலோ விசையும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையின் உராய்வு இதில் ஒரு பகுதியைத் தாங்கும். வழுக்கும் பெயின்ட் தரையும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பகுதி மிகவும் குறைந்துவிடும்.

அடுத்தது கோணம். சரக்கின் மேல் பெல்ட்டைப் போட்டு இருபுறமும் கீழே இழுத்துக் கட்டுகிறோம் அல்லவா? அந்தப் பெல்ட் தரையோடு 90 டிகிரியில் நின்றால் இழுவை முழுக்கச் சரக்கைக் கீழே அழுத்தும். 60 டிகிரியில் 87 சதவீதம், 45 டிகிரியில் 71 சதவீதம், 30 டிகிரிக்கு வந்தால் சரிபாதிதான் மிஞ்சும். பின்பாடியின் நான்கு மூலைகளில் மட்டும் வளையம் வைத்துக்கொண்டு நடுவில் உள்ள சின்னச் சரக்கைக் கட்டுவது ஏன் சரியாக வருவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். வளையம் எத்தனை டன் தாங்கும் என்று பார்ப்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

சொந்த உபயோகத்துக்கு, ஒவ்வொரு கட்டுமுனையும் பாதுகாப்பாக 300 கிலோ இழுவையாவது தாங்கும்படி அமைத்தால் பைக், பிரிட்ஜ், ஜெனரேட்டர், பலகை எல்லாவற்றுக்கும் வசதியாக இருக்கும் என்பது என் கருத்து. வளையத்தின் உறையில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உடையும் பளு. நாம் கணக்கில் எடுக்க வேண்டியது டபிள்யூ.எல்.எல். என்று குறிக்கப்படும் வேலைப் பளு. பெல்ட்களில் அது உடையும் பளுவில் மூன்றில் ஒரு பங்கு என்பது வழக்கம். எந்த எண்ணும் போடாத வளையத்தை அழகுக்காகக்கூட வாங்காதீர்கள். வளையம் கூடுதலாகப் போட்டதால் வண்டி ஏற்றக்கூடிய மொத்த எடை கூடிவிடாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரம்பு வண்டியின் கையேட்டில் உள்ளபடியே இருக்கும்.

டிரில்லை எடுக்கும் முன்

துளை போடாமலே கிடைக்கும் இடங்களை முதலில் தேடுங்கள். பின்பாடியின் தரையைக் கூட்டிச் சுத்தம் செய்தால் ஆறு அல்லது எட்டு பெரிய போல்ட் தலைகள் தெரியும். பாடியைச் சேசியோடு பிணைத்திருக்கும் போல்ட்கள் அவை. வண்டியின் பின்பக்கத்தில் இவற்றைவிட உறுதியான பிடிமானம் வேறு கிடையாது. 5 அல்லது 6 மி.மீ. தடிமனான இரும்புப் பட்டையில் ஒரு பக்கம் போல்ட்டுக்கான துளையும் மறுபக்கம் டி வளையமும் வைத்து, அந்தப் போல்ட்டின் தலைக்கு அடியில் மாட்டிவிட்டால் ஒரு கட்டுமுனை தயார்.

இதில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பட்டை எவ்வளவு தடிமனோ அவ்வளவு மரை நட்டுக்குள் போவது குறையும். போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரை உள்ளே பிடித்திருக்க வேண்டும். போதவில்லை என்றால் அதே விட்டம், அதே மரை இடைவெளி, அதே தரத்தில் சற்று நீளமான போல்ட் வாங்குங்கள். எல்லாப் போல்ட்களையும் ஒரேயடியாகக் கழற்றாமல், ஒன்றைக் கழற்றி மாட்டி இறுக்கிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். இறுக்கும் அளவைக் கையேட்டில் உள்ளபடி டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்தே செய்ய வேண்டும். சில வண்டிகளில் போல்ட் தலை ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். அங்கே தட்டையான பட்டை சரியாகப் படியாது, அதனால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

பக்கச் சுவரின் மேல் விளிம்பில் சதுரப் பொந்துகள் இருந்தால் அவையும் பயன்படும். பலகை வேலி நடுவதற்காக விடப்பட்ட இடங்கள் அவை. உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும் வளையங்கள் இவற்றுக்கென்றே விற்கின்றன. உயரமான சரக்கை ஆடாமல் பிடிக்க இவை நல்லவை. ஆனால் தரையோடு ஒட்டிய கனமான சரக்குக்கு இவற்றை நம்ப வேண்டாம். விளிம்புத் தகடு மெல்லியது, பெல்ட்டும் உயரத்திலிருந்து இழுக்கும்.

இந்த இரண்டையும் வைத்தே வேலை முடிந்துவிட்டால் துளை போட வேண்டிய அவசியமே இல்லை. பலருக்கு முடியாது. சேசி போல்ட்கள் மூலைகளில் இருப்பதில்லை, அதுதான் காரணம்.

எந்த வளையம்?

என் முதல் தேர்வு, இரண்டு அல்லது நான்கு போல்ட்களில் உட்காரும் மடங்கும் டி வளையம். சும்மா இருக்கும்போது தரையோடு படுத்துக்கொள்ளும், காலில் இடறாது, எந்தப் பக்கம் இழுத்தாலும் திரும்பிக்கொள்ளும். அதற்கு அடுத்தது யு போல்ட். ஒரு யு போல்ட், மேலே ஒரு சின்னப் பட்டை, கீழே ஒரு பெரிய பட்டை, நான்கு நட், அவ்வளவுதான். செலவு மிகக் குறைவு, உறுதி நிறைய. தரையில் வைத்தால் தடுக்கிவிடும் என்பதால் பக்கச் சுவருக்கும் முன்சுவருக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒற்றைக் காலில் நிற்கும் கண்போல்ட் எனக்கு இந்த வேலைக்குப் பிடிப்பதில்லை. கம்பியை வளைத்து, முனை மூடாமல் விட்டிருக்கும் வகையைத் தொடவே வேண்டாம், இழுத்தால் வாய் பிளந்துகொள்ளும். அடித்து உருவாக்கிய, தோள் உள்ள நல்ல கண்போல்ட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதன்மேல் பொறித்திருக்கும் சுமை நேர்க்கோட்டு இழுவைக்கு மட்டும்தான் பொருந்தும். 45 டிகிரி சாய்த்து இழுத்தால் அதில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் தாங்கும். சரக்குக் கட்டும்போது நேராக இழுப்பது அபூர்வம். தவிர, ஒற்றைக் கால் என்பதால் அதிர்வில் மெல்லத் திரும்பித் தளரும்.

தரைக்குள் புதைந்து உட்காரும் வளையங்கள் பார்க்க அழகாக இருக்கும். அவற்றுக்குத் தகட்டில் பெரிய ஓட்டை வெட்ட வேண்டும், கிண்ணத்தில் தண்ணீரும் மண்ணும் தேங்கும். மரத்தரை போட்ட டிரெய்லருக்கு அவை பொருத்தமானவை. மெல்லிய தகட்டுத் தரை உள்ள பிக்கப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும் முன் உங்கள் பெல்ட்டின் கொக்கியைக் கையோடு எடுத்துப் போய் வளையத்தில் மாட்டிப் பாருங்கள். 25 மி.மீ. பெல்ட்டின் சின்னக் கொக்கி எதிலும் நுழையும். 50 மி.மீ. ராட்செட் பெல்ட்டின் இரட்டைக் கொக்கி பல வளையங்களில் நுழையவே நுழையாது.

இடம் பார்ப்பது

முழு வேலையிலும் அதிக நேரம் இதற்குத்தான் செலவாக வேண்டும். நீங்கள் அடிக்கடி ஏற்றும் சரக்கையோ அதே அளவுள்ள அட்டைப்பெட்டியையோ உண்மையிலேயே பின்பாடியில் வைத்து, பெல்ட் எங்கிருந்து எங்கே போகும் என்று ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். தாளில் வரைந்து பார்ப்பதைவிட இது பல மடங்கு தெளிவைத் தரும்.

பெரும்பாலோருக்கு ஆறு முனைகள் போதும். முன்சுவரை ஒட்டி இரண்டு மூலைகளிலும் இரண்டு, பின்கதவை ஒட்டி இரண்டு, சக்கர மேட்டுக்கு முன்னாலோ பின்னாலோ நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூலையில் வைக்கும்போது சுவரோடு ஒட்டி வைத்துவிடாதீர்கள். கொக்கியும் கையும் நுழைய இடம் வேண்டும். பைக் ஏற்றுபவர்களுக்கு முன்மூலை இரண்டும் எவ்வளவு அகன்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஹேண்டிலுக்குக் கீழே முன்ஃபோர்க்கிலிருந்து பெல்ட்கள் முன்னும் வெளியுமாகச் சாய்ந்து இறங்கி, சஸ்பென்ஷனைப் பாதியளவு அழுத்திப் பிடிக்கும்போதுதான் பைக் நிமிர்ந்து நிற்கும்.

தரையின் கீழே குறுக்குச் சட்டங்கள் ஓடும். கீழே படுத்துப் பார்த்தால் தொப்பி வடிவில் வளைத்து ஒட்டிய நீளத் தகடுகளாகத் தெரியும். முடிந்தவரை வளையத்தைச் சட்டத்தின் அருகில் வையுங்கள். அங்கே தரை குறைவாகவே குழியும். சட்டத்தின் ஊடாகவே போல்ட் போட்டால் இன்னும் உறுதி. ஆனால் சட்டம் உள்ளே பொள்ளலானது. வெறும் போல்ட்டைப் போட்டு இறுக்கினால் சட்டம் நசுங்கும், நசுங்க நசுங்கப் பிடிப்பு தளரும். போல்ட் உள்ளே போகும் அளவுக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டைச் சட்டத்தின் உள் உயரத்துக்குச் சரியாக வெட்டி, அதை உள்ளே நிறுத்தி, அதன் ஊடாகப் போல்ட்டைக் கொண்டுபோங்கள். இறுக்கும் விசையை அப்போது குழாய் வாங்கிக்கொள்ளும். இதற்குச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் மட்டும் துளையைக் குழாயின் வெளிவிட்டத்துக்குப் பெரிதாக்கி, அந்த வழியாகக் குழாயை ஏற்றி, கீழே பட்டையை வைத்து மூட வேண்டும்.

சேசியின் நீளச் சட்டங்களில் மட்டும் துளை போடவே கூடாது. வண்டியின் முழு உறுதியும் அவற்றில் இருக்கிறது.

கீழே என்ன இருக்கிறது?

பெரும்பாலான பிக்கப்களில் எரிபொருள் தொட்டி பின்பாடிக்கு நேர் கீழே, பின் அச்சுக்கு முன்னால் ஒரு பக்கமாக இருக்கும். பிரேக் குழாய், எரிபொருள் குழாய், பின்விளக்குக்குப் போகும் வயர்க்கட்டு, சைலன்சர், ஸ்டெப்னி எல்லாமே அங்கேதான். டேங்க் மூடியிலிருந்து தொட்டிக்கு இறங்கும் ரப்பர்க் குழாய் பக்கச் சுவரின் பின்னால் மறைந்திருக்கும். சுவரில் துளை போடுபவர்கள் மறந்துவிடும் இடம் அது. மின்சார, ஹைப்ரிட் வண்டிகளில் ஆரஞ்சு உறை போட்ட உயர் மின்னழுத்த வயர்கள் ஓடும். பேட்டரிப் பெட்டி பின்பாடியின் கீழ்வரை நீளலாம். அப்படிப்பட்ட வண்டியில் தரையில் துளை போடும் யோசனையையே விட்டுவிட்டு மேலே சொன்ன பொந்துகளோடும் கம்பெனி வளையங்களோடும் நின்றுகொள்ளுங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். உயர்த்த வேண்டுமென்றால் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். ஸ்டெப்னியை இறக்கிவிட்டால் கீழே நிறைய இடம் கிடைக்கும். கை நுழையாத இடங்களில் போனின் கேமராவை விட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள். தொட்டிக்கு மேலே உள்ள தரைப்பகுதி முழுவதையும் சாக்பீஸால் மேலே வட்டமிட்டு, அந்த வட்டத்துக்குள் எந்த வளையமும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வேண்டிய பொருள்கள்

ஆறு முனைகளுக்கு ஆறு வளையங்கள், 8.8 தரத்தில் எம்8 அல்லது எம்10 போல்ட்கள், நைலாக் நட்கள் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்), 5 மி.மீ. தடிமனில் 75 மி.மீ. அகலமுள்ள ஃபிளாட் பட்டை ஒரு நீளம். பட்டையை ஒரே நீளமாக வாங்கி நீங்களே அறுத்துக்கொண்டால் தயாராக விற்கும் பட்டைகளைவிடச் செலவு வெகுவாகக் குறையும். உருக்குக் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளே இந்த வேலைக்குப் போதும். சைலன்சருக்கு அருகில் வரும் இடங்களில் நைலாக் வேண்டாம், சூட்டில் உள்ளிருக்கும் நைலான் இளகிவிடும். முழுக்க உலோகத்தாலான லாக் நட் போடுங்கள்.

மெல்லிய ஜிங்க் பூச்சுப் போல்ட் மழையிலும் சேற்றிலும் சீக்கிரம் துருவேறும். ஹாட் டிப் கால்வனைஸ் செய்தது, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, பல வருடம் நிற்கும். அதற்கு ஹாட் டிப் நட்டையே வாங்குங்கள். பூச்சு தடிமன் என்பதால் சாதாரண நட் அதில் ஏறாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நல்லதுதான், ஆனால் ஸ்டெயின்லெஸ் நட்டோடு சேர்த்து வேகமாக இறுக்கினால் மரை ஒன்றோடொன்று பிடித்து இறுகி நின்றுவிடும். மரையில் ஆன்டி சீஸ் பசை தடவி மெதுவாக இறுக்குங்கள்.

கருவிகளில் டிரில், 3 மி.மீ. பிட், படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட், சென்டர் பஞ்ச், அரம், ஸ்பேனர்கள், டார்க் ரெஞ்ச், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. கூடவே ஜிங்க் கலந்த பிரைமர், டச்சப் பெயின்ட், பாலியூரிதேன் சீலன்ட்.

செய்முறை

1. பட்டைகளை முதலில் தயார் செய்யுங்கள். தரைக்கு 75 மி.மீ. சதுரம் என் குறைந்தபட்ச அளவு. வளையத்தின் துளைகளைப் பட்டையில் குறித்து, மேசையில் வைத்தே துளையிடுங்கள். நான்கு மூலைகளையும் அரத்தால் உருட்டிவிடுங்கள். கூரான மூலை இருந்தால் பளு வரும்போது தகடு அந்த இடத்தில்தான் கிழியத் தொடங்கும். பட்டை முழுக்கப் பிரைமரும் பெயின்ட்டும் அடித்துக் காயவையுங்கள்.

2. வளையத்தை இடத்தில் வைத்துத் துளைகளைக் குறியுங்கள். தரையில் மேடும் பள்ளமுமாக வரிகள் இருக்கும். வளையமும் அடியில் வரும் பட்டையும் ஒரே சமதளத்தில் படிகிறதா என்று பாருங்கள். பட்டை இரண்டு மேடுகளுக்கு நடுவே பாலம்போல நின்றால் இறுக்கும்போது தகடு கோணும். தவிர்க்கவே முடியாவிட்டால் இடைவெளியில் வாஷர்களையோ இன்னொரு பட்டைத் துண்டையோ நிரப்புங்கள். தண்ணீர் வடியும் துளைகளை எதுவும் மூடிவிடக் கூடாது.

3. பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டால் ஒரே ஒரு துளை போடுங்கள். பிட்டின் முனை 10 மி.மீ.க்கு மேல் உள்ளே போகாதபடி ஒரு மரத்துண்டையோ குழாய்த் துண்டையோ அதில் மாட்டிக்கொள்ளுங்கள். இப்போது கீழே போய், துளை எங்கே வந்திருக்கிறது, பட்டையும் நட்டும் உட்கார இடம் இருக்கிறதா, ஸ்பேனர் திரும்புமா என்று பாருங்கள். இடம் சரியில்லை என்றால் 3 மி.மீ. துளையைச் சீலன்ட்டும் பெயின்ட்டும் வைத்து அடைத்துவிடலாம். பெரிய துளை போட்ட பிறகு அந்த வாய்ப்பு கிடையாது.

4. இடம் சரி என்றால் ஸ்டெப் பிட்டால் பெரிதாக்குங்கள். எம்10 போல்ட்டுக்கு 10.5 அல்லது 11 மி.மீ. துளை. சாதாரணப் பெரிய பிட் மெல்லிய தகட்டில் மாட்டிக்கொண்டு துளையை முக்கோணமாக்கிவிடும், ஸ்டெப் பிட் வட்டமாகவே வெட்டும். டிரில் வேகத்தைக் குறைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நிதானமாகப் போங்கள். முதல் துளைக்குப் போல்ட்டை மாட்டி வளையத்தை நிறுத்திய பிறகு அடுத்த துளையைக் குறித்தால் எல்லாத் துளைகளும் நேராக அமையும்.

5. விளிம்பில் நிற்கும் பிசிறுகளை அரத்தால் எடுத்துவிட்டு, இரும்புத் துகள்கள் அத்தனையையும் அகற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் காந்தத்தைப் போட்டுத் தடவினால் துகள்கள் பையில் ஒட்டும், பையைப் புரட்டி உதறிவிடலாம். விட்டுவைத்த துகள் ஈரம் பட்டதும் துருப்பிடித்துப் பெயின்ட்டில் கறை ஏற்றும். கீழே இருந்து வேலை செய்யும்போது கண்ணாடியைக் கழற்றவே கூடாது.

6. துளையின் வெட்டு விளிம்புக்கு ஜிங்க் பிரைமரைச் சின்னத் தூரிகையால் இரண்டு பூச்சு கொடுங்கள். காய்ந்ததும் டச்சப் பெயின்ட். பலர் அவசரத்தில் விட்டுவிடும் படி இது. துரு வெளியே தெரியும்போது பட்டைக்கு அடியில் தகடு எவ்வளவோ அரித்துப் போயிருக்கும். ஒரு மாலை நேரம் காத்திருப்பது வீண்போகாது.

7. வளையத்தின் அடிப்பகுதியில் துளைகளைச் சுற்றிச் சீலன்ட் வைத்து அழுத்துங்கள். போல்ட் மேலிருந்து இறங்கட்டும். கீழே பட்டை, வாஷர், நட் என்ற வரிசை. இந்த வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் சுலபம், ஒருவர் மேலே போல்ட்டைத் திரும்பாமல் பிடிக்க, மற்றவர் கீழே நட்டை முறுக்கலாம். எல்லா நட்டையும் கையால் ஓட்டிய பிறகு, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 8.8 தரப் போல்ட்டில் எம்8க்கு ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர், எம்10க்கு 45 முதல் 50 வரை.

8. இறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் பட்டையின் மேலும் சேர்த்துப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். பின்னாளில் நட் தளர்ந்தால் கோடு விலகியிருப்பது பார்த்தவுடன் தெரியும். நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கொஞ்சம் மெழுகோ கிரீஸோ தடவிவிடுங்கள், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் லைனர் (பின்பாடியின் உட்புறத்தைக் காக்கும் உறை) போட்ட வண்டி என்றால் ஒரு திருத்தம் உண்டு. லைனரின் மேல் வளையத்தை வைத்து இறுக்கினால் பிளாஸ்டிக் நாளடைவில் அமுங்கிப் பிடிப்பு போய்விடும். வளையத்தின் அடி முழுவதும் உட்காரும் அளவுக்கு லைனரை வெட்டி, வளையம் நேராகத் தகட்டில் படியும்படி செய்யுங்கள். தெளித்துப் பூசிய லைனரில் இந்தப் பிரச்சினை இல்லை.

பக்கச் சுவரில் வைப்பது

சுவரின் பின்பக்கம் கை எட்டுவதுதான் இங்கே சிக்கல். பின்மூலைக்கு வழி, பின்விளக்கு. சில திருகுகளைக் கழற்றினால் விளக்கு வெளியே வந்துவிடும், அந்த ஓட்டை வழியாகக் கையும் பட்டையும் உள்ளே போகும். முன்மூலைக்குக் கேபினுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியோ கீழ்ப்பக்கமோ உதவும். நடுப்பகுதிக்குச் சக்கரத்தின் உட்புறப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பாருங்கள்.

கை எட்டவே எட்டாத இடத்தில் சிலர் ரிவ்நட், அதாவது ஒரே பக்கத்திலிருந்து தகட்டுத் துளையில் பிதுக்கிப் பொருத்தும் மரையுள்ள குழாய், போடச் சொல்வார்கள். அது மெல்லிய தகட்டின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். வலை மாட்டவும் தார்ப்பாய் கட்டவும் போதும். சரக்கைப் பிடிக்க ரிவ்நட்டை நம்பவே கூடாது.

வெவ்வேறு அளவுச் சரக்கு ஏற்றுபவர்களுக்குச் சுவர் நெடுக ஒரு சேனல் போட்டுவிடுவது நல்ல ஏற்பாடு. மின் வேலைக்காரர்கள் குழாய்களைத் தாங்கப் பயன்படுத்தும் 41 மி.மீ. அகல இரும்பு சேனல்தான் இதற்கும். அதற்குள் நகரும் ஸ்பிரிங் நட்டும் கண்நட்டும் போட்டால் வேண்டிய இடத்தில் வளையத்தை நிறுத்திக்கொள்ளலாம். சேனலைச் சுவரில் நான்கைந்து இடங்களில், ஒவ்வொன்றுக்கும் பின்னால் பட்டை வைத்துப் பொருத்துங்கள். ஒரு எச்சரிக்கை: சேனலிலிருந்து வெளியே இழுத்தால் நட் நன்றாகத் தாங்கும். சேனலின் நீளவாக்கில் இழுத்தால் இறுக்கத்தின் பிடி மட்டுமே அதை நிறுத்துகிறது, வழுக்கிவிடலாம். பற்கள் உள்ள நட்டையே வாங்கி, ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் ஸ்பேனரால் இறுக்குங்கள், கை இறுக்கம் போதாது. வெட்டிய முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போடாவிட்டால் கையைக் கிழிக்கும்.

வெல்டிங் செய்துவிட்டால் போல்ட்டே வேண்டாமே என்று தோன்றலாம். கீழே எரிபொருள் தொட்டி இருக்கிறது, தகட்டின் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகை நுரையீரலுக்குக் கெடுதல், வெந்த இடம் பின்பக்கமிருந்து துருவேறும். போல்ட் வேலை இதைவிட எல்லா வகையிலும் மேலானது.

அலுமினியமும் பிளாஸ்டிக் கலவையும்

எல்லாப் பின்பாடியும் இரும்பல்ல. ஃபோர்டு எஃப்-150 வண்டியின் பாடி 2015 மாடலிலிருந்து அலுமினியம். டொயோட்டா டகோமா 2005 மாடலிலிருந்து பிளாஸ்டிக் கலவைத் தரையோடு வருகிறது. ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தாலே இரும்பா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அலுமினியத்தில் இரும்போ ஸ்டெயின்லெஸ் உருக்கோ நேரடியாகப் பட்டு, நடுவில் உப்போ ஈரமோ சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் அல்லது நைலான் தாள், போல்ட்டைச் சுற்றி நைலான் உறை, அடியில் இரும்புக்குப் பதில் அலுமினியப் பட்டை என்று பிரித்து வைக்க வேண்டும். கலவைத் தரையில் துருப் பயம் இல்லை, ஆனால் இறுக்கினால் நசுங்கி விரிசல் விடும். அங்கே பட்டையை இன்னும் பெரிதாக வைத்து, துளைக்குள் தரையின் தடிமனுக்குச் சமமான உலோகக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, அதன் ஊடாகப் போல்ட் போடுங்கள்.

சோதித்துப் பார்ப்பதும் பயன்படுத்துவதும்

சீலன்ட் நன்றாகக் காய்ந்த பிறகு எதிரெதிர் வளையங்களுக்கு நடுவே ஒரு ராட்செட் பெல்ட்டை மாட்டி, கையால் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்குங்கள். வளையத்தைச் சுற்றித் தகடு எழும்புகிறதா என்று ஒரு நேர்க்கோலை வைத்துப் பாருங்கள். லேசாக எழும்பி, தளர்த்தியதும் பழைய நிலைக்கு வந்தால் சரி. மேடு அப்படியே நின்றுவிட்டால் அடியிலுள்ள பட்டை சிறியது, இரண்டு மடங்கு நீளமாக வெட்டி மாற்றுங்கள். வளையத்தை மாற்றுவதில் பயன் இல்லை.

சரக்கை முடிந்தவரை முன்சுவரோடு ஒட்டி வையுங்கள். பிரேக் அடிக்கும்போது வரும் 0.8 மடங்கு விசையில் பெரும்பகுதியைச் சுவரே வாங்கிக்கொள்ளும், பெல்ட்டுக்கு வேலை குறையும். அடியில் ஒரு ரப்பர் விரிப்புப் போடுவதும் அதே அளவுக்குப் பயனுள்ளது. வழுக்காத விரிப்புக்கு உராய்வுக் கெழு 0.6 என்று மேலே சொன்ன தரநிலை கணக்கு வைக்கிறது. வெறும் தகட்டில் மரப்பெட்டி வைத்தால் அதில் பாதிதான் கிடைக்கும். பெல்ட் கூரான விளிம்பின் மேல் போனால் அங்கே அட்டையோ பழைய டயர்த் துண்டோ வையுங்கள். ராட்செட்டின் உருளையில் பெல்ட் இரண்டு மூன்று சுற்றுகளாவது சுற்றியிருக்க வேண்டும். மிச்ச நுனியைக் காற்றில் பறக்க விடாமல் கட்டிவிடுங்கள்.

புதிதாகப் பொருத்தியதும் முதல் சில லோடுகளுக்குப் பிறகு கீழே குனிந்து, நட்டின் மேல் இழுத்த கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். தகடும் சீலன்ட்டும் படிந்து உட்காரும்போது கொஞ்சம் தளர்வது இயல்பு, மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினால் போதும். நைலாக் நட்டை ஒருமுறை முழுக்கக் கழற்றினால் திரும்பப் போடும்போது புதிதாகப் போடுங்கள். வண்டி சர்வீசுக்குப் போகும்போதெல்லாம் பட்டைகளின் விளிம்பில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பார்த்து அங்கே ஒரு பூச்சு கொடுங்கள். வளைந்த வளையத்தைத் தட்டி நிமிர்த்தித் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், அதை எடுத்துவிட்டுப் புதியதை அதே துளைகளில் மாட்டிக்கொள்ளலாம். அப்போது அதன் அடியிலுள்ள பட்டையும் கோணியிருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.